பின்னட்டை விலாசம்

ஆரணி
16-3-1983

அன்புள்ள கற்பகத்துக்கு,

அக்கா தேவகி எழுதுவது. இங்கே அண்ணன், அண்ணி, நான் மூவரும் நலம். வெயில் ஏற ஏற அண்ணிக்கு முழங்கால் வலி கூடுகிறது, அவ்வளவுதான். உன் உடம்பு, மாப்பிள்ளையின் ரத்தக்கொதிப்பு, அமுதாவின் படிப்பு எல்லாம் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுது.

பார்சல் வந்து சேர்ந்தது. நீ எழுதிய புத்தகத்தை முதலில் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி, மறுபடியும் அதே வழியில் திரும்பிப் போய் மற்றவர்களையும் கூட்டிவந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாற்பது பக்கப் படக்கதையாகச் சொல்லிவிட்டாயே. டைனா இடுப்பளவு ஆற்றில் நிற்க, கரையில் நாய்கள் மோப்பம் பிடிக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. அங்கே எழுதாமல் விட்டது நல்ல முடிவு.

பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் படித்து முடித்துவிட்டு அடுத்தது எப்போது என்றார்கள். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி அல்ல. அமாவாசையன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது என்பது உனக்குத் தெரியும். நெசவாளர்கள் கூலியே போனாலும் அன்று தறிக்குழியில் இறங்கமாட்டார்கள். தறியில் உட்காரும் பிள்ளைகளுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் கையும் காலும் சொந்தம். இரண்டு வருஷமாக அன்று மாலை பள்ளி வராந்தாவில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள். இந்த அமாவாசைக்கு உன் புத்தகத்தைக் கொண்டுபோனேன்.

டைனாவை மேடையில் நிறுத்தி ஏலம் விடும் படம் வந்ததும் ஒரு பையன் கேட்டான்: "இந்தப் பொண்ணோட அப்பாரு யார்கிட்ட முன்பணம் வாங்கினாரு டீச்சர்?"

யாரும் முன்பணம் வாங்கவில்லை, ஆளையே விற்றார்கள் என்றேன். அவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பா வாங்கின முன்பணம் தீரும்வரை பிள்ளை அந்தத் தறியைவிட்டு எழுந்து போக முடியாது, அது தீர்வதும் இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? நாய்களைப் பார்த்து மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். "நம்ம மொதலாளி வூட்டு நாயா இருந்தா ஒரு பொறை போட்டாப் போதும், வாலை ஆட்டிக்கினு கூடவே வந்துடும்" என்று ஒருத்தி சொன்னாள். அந்த முதலாளி நம் அண்ணன். சொன்னவள் நம் வீட்டுத் தறியில் பன்னீர்செல்வத்தின் பக்கத்தில் உட்காரும் செல்லி. போளூர் சாலையில் ஒரு கிராமம். அப்பா வேடியப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு அவளை விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. தறிக்கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறாள். புத்தகம் கடைசியாக அவள் கைக்குத்தான் போனது. பின்னட்டையைக்கூட விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "தம்பி தங்கைகளே, எங்களைத் தேடி வாருங்கள். எங்கள் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்." அதன் கீழே உங்கள் அலுவலக விலாசம். விலாசத்தை மட்டும் மூன்று தடவை படித்தாள்.

அமுதாவுக்கு என் ஆசி.

உன் அக்கா,
தேவகி


சென்னை-14
30-3-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு நாங்கள் மூவரும் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. எல்லோரும் சுகம். இவருக்கு உப்பைக் குறைத்ததில் கொதிப்பு மட்டுப்பட்டிருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முன்பணம் பற்றி அந்தப் பையன் கேட்டதைக் கேட்டு எங்கள் ஆசிரியர் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். பின்னட்டை வாசகம் நான் எழுதியதுதான். அதை ஒரு குழந்தை உரக்கப் படித்தது என்றால் எனக்கு வேறென்ன வேண்டும். பிள்ளைகள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டே இரு. அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

இன்னொரு நல்ல செய்தி. அமுதாவுக்கு இடம் முடிந்துவிட்டது. பையன் பாங்கில் வேலை. தை மாதம் முகூர்த்தம். தாய்மாமன் சீராக முகூர்த்தப் புடவை தன் தறியிலேயே நெய்து தருவதாக அண்ணன் ஃபோனில் சொன்னார். அரக்கு உடல், இரண்டு பக்கமும் மயில்கழுத்து நிறக் கோர்வைக் கரை. பன்னீர்செல்வம்தான் நெய்யவேண்டும் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் கை எனக்கு நம்பிக்கை இல்லை.

அண்ணன் அண்ணிக்கு என் நமஸ்காரம்.

உன் தங்கை,
கற்பகம்


ஆரணி
14-7-1983

அன்புள்ள கற்பகத்துக்கு,

அமுதாவின் செய்தி கேட்டதிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது. நாங்கள் நலமே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பரீட்சை, கோடை விடுமுறை, பிறகு பள்ளித் திறப்பு. போன மாத அமாவாசையில் கிரகணம் வந்துவிட்டதால் பிள்ளைகளை வெளியே விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி கூடினோம்.

புடவைக்குப் பாவு ஏற்றியாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் ஆரம்பித்துவிடவேண்டும் என்று அண்ணன் அவசரப்பட்டார். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். பன்னீர்செல்வம் உடலை நெய்வார். ஒரு பக்கத்துக் கரைக்கு, நூல் ஓட்டும் நாடாவை வாங்கி வீசித் திருப்பிக் கொடுக்க அவருக்கு அருகில் செல்லி. இரண்டு கையும் ஒரே தாளத்தில் போகவேண்டும், கை மாறினால் கரை கோணிவிடும். "கட்டிக்கினவகூட எனக்கு இவ்ளோ ஒத்து வரல டீச்சரம்மா, இந்தக் குட்டியோட கை ஒத்து வருது" என்றார் பன்னீர்செல்வம். செல்லி நிமிரவே இல்லை. "இவுரு தும்முனாகூட நான் நிறுத்தணும்" என்றாள்.

அவளைப் பகலில் பள்ளிக்கு அனுப்பக் கூடாதா என்று அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிதானமாகக் கேட்டார்: "உன் பி.ஏ.வுக்கும் கற்பகத்தோட எம்.ஏ.வுக்கும் எந்தக் கொட்டாயிலேர்ந்து பணம் வந்துச்சின்னு நெனைச்சிகினு இருக்கிற?" அண்ணி எனக்கு மோர் ஊற்றினாள். நான் குடித்தேன்.

ஞாயிறு மாலை வகுப்பில் செல்லி ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கதவு ராத்திரியிலும் திறந்திருக்குமா என்று. எப்போதும் என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன். எப்படிப் போவது என்று அடுத்த கேள்வி. கடிதம் போடுவதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அதையே பூகோளப் பாடமாக்கிவிட்டேன். ஆரணி, செய்யார், காஞ்சிபுரம், பூந்தமல்லி, பாரிமுனை என்று பலகையில் வரிசையாக எழுதிக் கோடு இழுத்தேன். எல்லோரும் பார்த்து எழுதினார்கள். அவள் எழுதவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

தேவகி


சென்னை-14
23-7-1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். பத்திரிகை ஒன்றில் புத்தகத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணனோடு இப்போது இதையெல்லாம் பேசாதே, அக்கா. நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. கல்யாணம் நல்லபடி முடியட்டும். நம் வீட்டுக் கொட்டகையும் டைனாவின் பருத்திக்காடும் ஒன்றா? நம் பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு உண்டு, தீபாவளிக்குத் துணி உண்டு.

புடவை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

உன் தங்கை,
கற்பகம்


ஆரணி
10-8-1983

அன்புள்ள கற்பகத்துக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

செல்லியைக் காணவில்லை. திங்கட்கிழமை ஆடி அமாவாசை. ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஊரே போயிருந்தது. பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை. மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது கொட்டகை காலியாக இருந்தது. புத்தகம் இருக்கிறது. பின்னட்டை மட்டும் இல்லை. மடித்து, நகத்தால் கீறி, ஒழுங்காகக் கிழித்திருக்கிறாள்.

அண்ணன் போளூருக்கும் வந்தவாசிக்கும் ஆட்களை அனுப்பியிருக்கிறார். வேடியப்பனை வரவழைத்துக் கடை வாசலில் வெயிலில் உட்காரவைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து தண்ணீர்கூட நான்தான் கொடுத்தேன். "எம்பொண்ணு போன எடம் எனக்கே தெரியாதும்மா, தெரிஞ்சா நானும் போயிருப்பேன்" என்றார்.

அட்டை கிழிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வயதுக்கு அப்புறம் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. சோறு பரிமாறும்போது சிரிப்பு வந்து, திரும்பிக்கொண்டேன்.

அவள் உன் அலுவலகத்துக்குத்தான் வருவாள். வழியில் எதுவும் ஆகாமல் வந்து சேரவேண்டும். வந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள். அண்ணனுக்குத் தெரியவே கூடாது. சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் புறப்பட்டு வருகிறேன். அப்புறம் என்ன செய்வது என்று நாம் இருவரும் யோசிப்போம். எழுபத்தாறிலேயே சட்டம் வந்துவிட்டது, கற்பகம். கொத்தடிமை வைப்பது குற்றம் என்று எழுதியே இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுது. ஒரே ஒரு வார்த்தை போதும்.

தேவகி


ஆரணி
17-8-1983

அன்புள்ள கற்பகத்துக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? என்னவாக இருந்தாலும் எழுது.

நான் புறப்படவேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை அண்ணன் வாடகைக் கார் பிடித்துப் போனார். மாலையில் செல்லியோடு திரும்பினார். காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் பிச்சைக்காரிகளோடு உட்கார்ந்திருந்தாளாம். யாரோ பார்த்துச் சொன்னார்களாம்.

வேடியப்பனை விட்டுவிட்டார்கள். போகும்போது மகளை ஒரு அறை அறையச் சொன்னார்கள். அவர் அறைந்தார். அவளுக்கு வலிக்காதபடி அடித்தார் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார். இன்னொன்று என்றார். அதுவும் விழுந்தது.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். அத்துமீறி மேய ஓடுகிற மாட்டுக்குக் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரிக் கட்டை ஒன்று. அதிலிருந்து ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனை அவள் கணுக்காலில். கைகள் மட்டும் நாடாவை வாங்குவதும் வீசுவதுமாக இருந்தன. பன்னீர்செல்வம் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணன் என் மேசையிலிருந்த உன் புத்தகத்தை எடுத்துப்போய், கடையில் உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறார். இரவு சாப்பாட்டின்போது அதைத் திருப்பிக் கொடுத்தார். டைனாவைப் பிடித்துவந்து காலில் இரும்புக்குண்டு பூட்டுகிற பக்கத்தைத் திறந்து காட்டினார். "நான் இன்னா புதுசாவா செஞ்சிட்டேன்? நீ பாடம் நடத்துனதுதானே, தேவகி. அவன் இரும்புல போட்டான், நான் மரத்துலதான் போட்டிருக்கேன்" என்றார். படம் நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

தேவகி


சென்னை-14
24-8-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே ஒரே மழை. இவருக்குச் சளி, எனக்கும் லேசாகக் காய்ச்சல் இருந்தது. அதனால்தான் எழுதவில்லை.

போனவள் பத்திரமாகக் கிடைத்துவிட்டாளே, அந்த மட்டும் நிம்மதி. இந்த ஊரில் தனியாக நின்றால் என்னென்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. கட்டை விஷயம் படித்துக் கஷ்டமாக இருந்தது. கோபம் தணிந்ததும் அண்ணனே கழற்றிவிடுவார். அவர் சுபாவம் நமக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுமையாக இரு. நீ ஒரு தடவைகூட அவள் இத்தனை சின்னவள் என்று எழுதவில்லையே, அக்கா. பதினான்கு பதினைந்து இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறோம். உன் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.டி. போடவா?

உன் தங்கை,
கற்பகம்


ஆரணி
27-8-1983

கற்பகம்,

அவள் சின்னவள் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ அவளை எங்கே பார்த்தாய்?

தேவகி


சென்னை-14
4-10-1983

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகம் போனபோது செல்லி படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த அட்டை. வேர்வையில் நனைந்து மெத்தென்று ஆகியிருந்தது. யார் என்று கேட்டேன். ஆரணியிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லி அட்டையைத் திருப்பி என்னிடமே படித்துக் காட்டினாள். எங்கள் காவலாளி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் அவளைத் துரத்தவில்லை, அக்கா. வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அமுதா குளிப்பாட்டித் தன் பழைய பாவாடையைக் கொடுத்தாள். தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள். அவள் சாப்பிட்டதைப் பார்த்து இவர்கூட எழுந்து போய்விட்டார். "டைனாவ எழுதுனது நீங்கதானா?" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆமாம் என்றேன். என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் நீயே யோசித்துப் பார். அடுத்தவர் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் அதற்கு என்ன பெயர் வைக்கும்? சம்பந்தி வீட்டார் அந்த வாரம்தான் வருவதாக இருந்தார்கள். இந்தப் பெண் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? அண்ணனோடு உறவு முறிந்தால் மணவறையில் தாய்மாமன் இடத்தில் யார் நிற்பார்கள்? பன்னீர்செல்வம் தறி நின்றுவிட்டதாக அண்ணன் ஏற்கெனவே ஃபோனில் சொல்லியிருந்தார். வேறு கையை வைத்தால் கரை கோணும் என்று நீதானே எழுதினாய். அவளை அடிக்கக் கூடாது என்று அண்ணனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவள் இங்கே இருப்பதைச் சொன்னேன். உன் கடிதம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

அண்ணன் வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் அடுத்த புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. புத்தகத்தை மூடி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

என்னை வெறுத்துவிடாதே.

கற்பகம்


ஆரணி
10-10-1983

கற்பகத்துக்கு,

நான் சுகம். செல்லியைப் பற்றிச் சொல்கிறேன்.

மகாளய அமாவாசையன்று கொட்டகைக்குப் போய் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அன்றும் கட்டையைக் கழற்றவில்லை. உன் வீட்டைப் பற்றி அவளாகவே சொன்னாள். அமுதா அக்கா தலை வாரிவிட்டது, மாடியிலிருந்து கடல் தெரிந்தது. பிறகு சொன்னாள்: "ஒங்க லெட்டர் வந்திச்சி டீச்சர். நீல லெட்டர். மேல இருந்தது ஒங்க கையெழுத்துன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சி. டீச்சருக்கு நான் இங்க இருக்கிறது தெரிஞ்சிபோச்சின்னு சந்தோஷமா இருந்திச்சி. அந்தம்மா அதப் படிச்சிட்டுத்தான் கீழ ஃபோன் பேசப் போனாங்க."

என் எழுத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். இரண்டு வருஷம் பலகையில் பார்த்த எழுத்து. இதற்கு மேல் அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

வேறு ஒன்று கேட்கிறேன். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். அண்ணன் பெயரைத் தெளிவாக எழுதினேன். விசாரணைக்கு ஒருவர் வருவார். சங்கிலியை அன்று கழற்றிவிடுவார்கள், நெசவாளர்கள் வாய் திறக்கமாட்டார்கள், வேடியப்பன் அண்ணன் சொன்னதைச் சொல்வார். அவள் தப்பித்தான் வந்தாள், அடைக்கலம் கேட்டாள் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது போதும். அவள் வெளியே வந்துவிடுவாள். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை, கற்பகம்.

தேவகி


சென்னை-14
9-2-1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உன் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அமுதா வேலூரில் குடித்தனம் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை தங்கம். பனியில் எனக்குத்தான் கொஞ்சம் மூச்சிரைப்பு. நீ தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பதாக அண்ணி சொன்னாள். குளிரில் தரையில் படுக்காதே.

டைனா புத்தகத்துக்கு ஒரு பரிசு கிடைத்திருக்கிறது, அக்கா. குழந்தைகளுக்கு விடுதலை உணர்வை ஊட்டும் நூல் என்று பாராட்டிப் பேசினார்கள். மேடையில் நிற்கும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. முன்பக்கத்தில் வாசகர்களான பிள்ளைகளின் வார்த்தைகளைப் போடுகிறோம். உன் அமாவாசை வகுப்பிலிருந்து சிலதை அனுப்பு. முடிந்தால் அந்தப் பெண்ணிடமும் இரண்டு வரி கேட்டு வாங்கு. அவள் சொன்னால் உண்மையாக இருக்கும்.

உன் தங்கை,
கற்பகம்


ஆரணி
6-3-1984

கற்பகத்துக்கு,

நான் சுகமாகவே இருக்கிறேன். பரிசுக்கு வாழ்த்து.

அமாவாசை வகுப்பு இப்போது இல்லை. தறிக்காரர்கள் கூடிப் பேசிப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். விசாரணை மார்கழியில் நடந்தது. வந்த அதிகாரி பொறுமையானவர். உனக்கு எழுதிக் கேட்டு, உன் கடிதம் வரட்டும் என்று இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தார். மூன்றாம் முறை அவரால் முடியவில்லை.

அன்று செல்லிக்குப் புதுப் பாவாடை உடுத்தியிருந்தார்கள். கணுக்காலில் புண் தெரியாமல் இருக்கப் பட்டையாக வெள்ளிக் கொலுசு. அதிகாரி அந்தக் கொலுசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ ஓடிப்போனாயா என்று அவளிடம் கேட்டார். கடை வாசலில் வேடியப்பன் நின்றிருந்தார், அண்ணன் கை அவர் தோளில் இருந்தது. "இல்ல சார். மெட்ராஸ்ல மொதலாளி தங்கச்சி வூட்டுக்குக் கல்யாண வேலைக்குப் போயிருந்தேன். அவங்களைக் கேளுங்க" என்றாள். சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். கடைசி இரண்டும் அப்படித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவரும் உன்னைக் கேட்டுப் பார்த்தவர்தானே. மனு தள்ளுபடியானது. அவர் ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் கொலுசைக் கழற்றிவிட்டார்கள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. நேற்று மதியம் கொட்டகையின் தெருப்பக்க ஜன்னலில் போய் நின்றேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. வேறு யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு பச்சைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸில் டைனா புத்தகத்தை மறுபடி அச்சடிக்கிறார்கள், அதைப் பற்றி நீ இரண்டு வரி சொல்லவேண்டுமாம் என்றேன். பன்னீர்செல்வம் தறியை நிறுத்தினார். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், சொல்லு என்றார் அவளிடம்.

அவள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், வகுப்பில் கேள்வி கேட்டால் யோசிப்பாளே அது மாதிரி. பிறகு என்னிடம் கேட்டாள்:

"அந்த டைனா போய்ச் சேந்த ஊர்ல இருந்தவங்களுக்கு அண்ணன் யாரும் இல்லியா டீச்சர்?"

அதில் ஏளனம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பன்னீர்செல்வம் மிதியை அழுத்தினார், அவள் நாடாவை வீசினாள்.

நீ இரண்டு வரி கேட்டாய். இந்த ஒன்றுதான் கிடைத்தது. முன்பக்கத்தில் போடு. அவள் பெயரைப் போடவேண்டாம். அண்ணன் உன் புத்தகங்களை விடாமல் படிக்கிறார்.

தேவகி